எஸ்ஸும் மேல் கமாவும்: எங்கே போடுவது, எங்கே விடுவது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே ஒரு நடை போனால், ஆங்கிலத்தில் எஸ் என்ற ஒற்றை எழுத்து படும் பாடு தெரியும். காய்கறிக் கடையில் “டொமேட்டோ’ஸ்”. துணிக்கடையில் “மென்ஸ் வேர்”. மேசை நாற்காலி விற்கும் கடையில் “ஃபர்னிச்சர்ஸ்”. முதல் பலகையில் வேண்டாத இடத்தில் ஒரு மேல் கமா. இரண்டாவதில் வேண்டிய இடத்தில் அது இல்லை. மூன்றாவதில் எஸ்ஸே வரக்கூடாது. நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூரிலும் இதே கதைதான், லண்டனிலும் இதே கதைதான்.

மேல் கமா என்று நான் சொல்வது, எழுத்தின் தலைமாட்டில் நிற்கும் அந்தச் சின்ன வளைவை. ஆங்கிலத்தில் அதன் பெயர் அப்பாஸ்ட்ரஃபி. மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் மேல் கமா என்றுதான் சொல்கிறார்கள். வாய்க்கும் அதுவே எளிது, இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அந்த வளைவு எங்கே நிற்கிறது என்பதில் மட்டும் கண் வையுங்கள்.

இதில் ஏன் இத்தனை பேர் தடுமாறுகிறார்கள்? காது உதவாது, அதுதான் காரணம். ஒருவர் “பாய்ஸ்” என்கிறார். பல பையன்கள் என்கிறாரா, ஒரு பையனுடைய பொருளா, பல பையன்களுடைய பொருளா? மூன்றுக்கும் ஓசை ஒன்றே. மீதி வாக்கியத்தைக் கேட்டுத்தான் புரிந்துகொள்கிறோம். எழுதும்போது மட்டும் மூன்று வடிவம்: பாய்ஸ், பாய்’ஸ், பாய்ஸ்’. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவனுக்கும் இதில் தனிச் சலுகை கிடையாது. அவனும் கண்ணால் பார்த்துப் பழகித்தான் ஆக வேண்டும்.

பிரிட்டனில் பன்மைச் சொல்லுக்கு மேல் கமா போடும் தவறுக்குத் தனிப் பெயரே உண்டு: “கிரீன்குரோசர்’ஸ் அப்பாஸ்ட்ரஃபி”. அதாவது காய்கறிக் கடைக்காரருடைய மேல் கமா. பழி அங்கேயும் தக்காளி விற்கிறவர் தலையில்தான். ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர் இந்தக் குறியைக் காப்பாற்றுவதற்கென்றே 2001-இல் ஒரு சங்கம் தொடங்கினார். 2019-இல், தமக்கு 96 வயதானபோது, அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று சொல்லி அதை மூடினார். ஆகவே பலகை எழுதும் நம் அண்ணனை ரொம்பவும் திட்ட வேண்டியதில்லை.

நமக்கு இருக்கும் சிக்கல் கொஞ்சம் வேறு மாதிரி. வீட்டில் தமிழ், கடையிலும் அலுவலகத்திலும் மலாய். இந்த இரண்டு மொழியிலும் பன்மையும் உடைமையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதே இல்லை. தமிழில் பன்மைக்குக் “கள்”, உடைமைக்கு “உடைய” அல்லது “இன்”. மலாயில் பன்மைக்குச் சொல்லை இரட்டித்துவிடுவார்கள்: பூக்கு என்றால் புத்தகம், பூக்கு-பூக்கு என்றால் புத்தகங்கள். உடைமைக்குப் பொருளைச் சொல்லிவிட்டு ஆளைச் சொன்னால் போதும்: ரூமா அலி என்றால் அலியின் வீடு. அதிலும் இரண்டு மொழியுமே ரொம்பத் தாராளம். “அண்ணன் வீடு” என்றாலே புரியும், “உடைய” தேவையில்லை. “மூணு மாடு வாங்கினான்” என்றால் யாரும் கள் எங்கே என்று கேட்பதில்லை. மலாயிலும் எண் வந்துவிட்டால் இரட்டிப்பு போய்விடும்: தீகா புவா பூக்கு.

இந்தத் தாராளத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதால்தான் “மை பிரதர் ஹவுஸ்” என்றும் “திரீ புக்” என்றும் எழுதுகிறோம். ஆங்கிலம் இந்த விஷயத்தில் கறார். எண் சொன்னாலும் எஸ் வேண்டும், அண்ணன் வீடு என்றாலும் குறி வேண்டும். அப்புறம் வாத்தியார் சிவப்பு மையால் நாலு தடவை எஸ்ஸைப் போட்டுக் காட்டுவார். பிள்ளைக்குப் பயம் வந்துவிடும். கண்ட இடத்தில் எல்லாம் எஸ்ஸும் மேல் கமாவும் தூவ ஆரம்பிக்கும். முதலில் போடாத தவறு, பிறகு போட்ட தவறு. இரண்டும் ஒரே வேரில் வருபவை.

சொல்லின் கடைசியில் வரும் எஸ் நான்கு வேலை பார்க்கிறது. ஒன்று பன்மை. இரண்டு உடைமை. மூன்று, “இஸ்” அல்லது “ஹாஸ்” என்பதன் சுருக்கம். நான்கு, ஹீ, ஷீ, இட் என்று தொடங்கும் வாக்கியத்தில் வினைச்சொல்லோடு ஒட்டும் எஸ். இதில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மட்டுமே மேல் கமா. “ஷீ டேப்ஸ் ரப்பர்” என்றால் அவள் பால்மரம் சீவுகிறாள். அது வினை, அங்கே குறிக்கு வேலையில்லை. “டூ பக்கெட்ஸ்” என்றால் இரண்டு வாளிகள். அது பன்மை, அங்கேயும் இல்லை.

எது எந்த வேலை என்று கண்டுபிடிக்கத் தமிழே போதும். எழுதப்போகும் சொல்லை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். கள் வருகிறதா, குறி வேண்டாம். உடைய வருகிறதா, வேண்டும். தக்காளிப் பலகையை இப்படிக் கேட்டுப் பார்ப்போம். கடைக்காரர் சொல்ல நினைத்தது தக்காளிகள். “டொமேட்டோ’ஸ்” என்று எழுதினால் அது தக்காளியினுடைய ஏதோ ஒன்று. தக்காளியினுடைய என்னது? அதன் விலையா, அதன் வீட்டுக்காரரா?

உடைமை: முதலில் உடையவரை எழுதுங்கள்

பள்ளியில் இதைப் பல விதிகளாகச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒருமைக்கு இப்படி, பன்மைக்கு அப்படி, விதிவிலக்குக்கு வேறு மாதிரி என்று. எனக்கு அந்த முறை பிடிப்பதில்லை. ஒரே வழியில் எல்லாம் அடங்கிவிடும்.

யாருடையது என்று கேளுங்கள். பதிலை ஒரு எழுத்துகூட விடாமல் எழுதி முடியுங்கள். முடித்த இடத்திலேயே மேல் கமா. அந்தப் பதில் ஏற்கெனவே பன்மை எஸ்ஸில் முடிந்திருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் இன்னொரு எஸ் சேருங்கள்.

செய்து பார்ப்போம். ஒரு தொழிலாளியின் வீடு. யாருடையது? வொர்க்கர். எழுதியாகிவிட்டது, குறி போட்டாகிவிட்டது, கடைசியில் எஸ் இல்லை, சேர்க்கிறோம்: வொர்க்கர்’ஸ் ஹவுஸ். இப்போது தொழிலாளர்களின் வீடுகள். யாருடையது? வொர்க்கர்ஸ். முடித்த இடத்தில் குறி. எஸ் ஏற்கெனவே இருக்கிறது, நிறுத்திவிடுகிறோம்: வொர்க்கர்ஸ்’ ஹவுசஸ். குழந்தைகளின் பள்ளி? பதில் சில்ட்ரன். அது பன்மைதான், ஆனால் எஸ்ஸில் முடியவில்லை. ஆகவே சில்ட்ரன்’ஸ் ஸ்கூல். ஆண்கள் என்றால் மென், பெண்கள் என்றால் விமென். இரண்டும் இதே வகை. துணிக்கடைப் பலகை “மென்’ஸ் வேர்” என்று இருந்திருக்க வேண்டும். “மென்ஸ்’” என்றும் “சில்ட்ரன்ஸ்’” என்றும் எழுத இடமே கிடையாது, ஏனென்றால் மென்ஸ் என்றோ சில்ட்ரன்ஸ் என்றோ ஒரு பன்மைச் சொல்லே ஆங்கிலத்தில் இல்லை.

தோட்டத்தில் பத்துக் கதவு லயம் (தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றின் முகப்பில் “வொர்க்கர்’ஸ் குவார்ட்டர்ஸ்” என்று எழுதியிருந்தால், அத்தனை வீடும் ஒரே தொழிலாளிக்கு என்று பொருள். துரைக்குக்கூட ஒரு பங்களாதான். குறியை ஒரு எழுத்து தள்ளி வைத்தால் மற்ற குடும்பங்களுக்கும் வீடு கிடைத்துவிடும்.

தொடக்கத்தில் இருப்பவர்கள் வழக்கமாகச் சறுக்குவது, பொருளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில். பொருள் எத்தனை என்பதற்கும் குறிக்கும் சம்பந்தமே இல்லை. உடையவர் எத்தனை பேர் என்பது மட்டுமே கணக்கு. “மை சன்’ஸ் பைசிகிள்ஸ்” என்றால் ஒரு மகன், அவனுக்குப் பல சைக்கிள். “மை சன்ஸ்’ பைசிகிள்” என்றால் மகன்கள் பல பேர், பாவம், அவர்களுக்குள் ஒரே சைக்கிள். “மை சன்ஸ் ஆர் இன் ஸ்கூல்” என்றால் என் மகன்கள் பள்ளியில் இருக்கிறார்கள். இங்கே யாருக்கும் எதுவும் சொந்தமில்லை, குறியும் இல்லை.

வெண்டைக்காய் நல்ல எடுத்துக்காட்டு. நம் ஊர் ஆங்கிலத்தில் அது “லேடி’ஸ் ஃபிங்கர்”, பெண்ணின் விரல். ஒருத்தியின் விரல் என்று எழுதினால் லேடி, அப்புறம் குறி, அப்புறம் எஸ். பல பெண்களின் விரல்கள் என்று எழுதினால் லேடி என்பது லேடிஸ் ஆகும்போது ஒய் போய் ஐ, ஈ, எஸ் வந்துவிடும். குறி அந்த எஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்: “லேடிஸ்’ ஃபிங்கர்ஸ்”. இரண்டும் வழக்கில் உண்டு. சந்தையில் அட்டையில் எழுதி வைக்கும்போது மட்டும் ஒய்யை விட்டுவிட்டு, ஐ, ஈ போட்டு, குறியையும் எஸ்ஸுக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு வடிவம் எதிலும் சேராது.

காலத்துக்கும் உடைமை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு நாள் கூலி என்பது அந்த நாளினுடைய கூலி: “எ டே’ஸ் வேஜஸ்”. இரண்டு நாள் லீவு: “டூ டேஸ்’ லீவ்”. வேலையை விடும்போதோ வேலையிலிருந்து நிறுத்தும்போதோ எழுதும் கடிதத்தில் இது அவசியம் வரும். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏதும் எழுதவில்லை என்றால், 2 வருடத்துக்குள் வேலை செய்தவருக்கு 4 வாரம், 2-இலிருந்து 5 வருடத்துக்குள் என்றால் 6 வாரம், 5 வருடமும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம் முன்னறிவிப்பு. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது “ஃபோர் வீக்ஸ்’ நோட்டிஸ்”, “எய்ட் வீக்ஸ்’ நோட்டிஸ்”. வாரங்கள் பல, ஆகவே குறி எஸ்ஸுக்குப் பின்னால். ஒரு வாரம் என்றால் மட்டும் “ஒன் வீக்’ஸ் நோட்டிஸ்”.

சட்டங்களின் பெயர் என்று வந்துவிட்டால் தலை சுற்றும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து வீடுகளுக்குத் தண்ணீரும் விளக்கும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் “வொர்க்கர்ஸ்’ மினிமம் ஸ்டாண்டர்ட்ஸ்” என்று தொடங்கியது. பிறகு “எம்ப்ளாயீஸ்’” என்று மாற்றினார்கள். ஆள் மாறினாலும் குறி எஸ்ஸுக்குப் பின்னாலேயே நிற்கிறது. சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு அடிப்படையான 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் “எம்ப்ளாயீஸ்’ சோஷியல் செக்யூரிட்டி ஆக்ட்”, அதிலும் குறி உண்டு. ஆனால் சேமநிதி வாரியத்தின் பெயரில் “எம்ப்ளாயீஸ் பிராவிடென்ட் ஃபண்ட்”, குறி இல்லை! இந்தியாவின் சேமநிதிக்கு இருக்கிறது, நம்முடையதற்கு இல்லை. தவறா? இல்லை. ஊழியர்களுடைய நிதி என்று பார்த்தால் குறி வேண்டும். ஊழியர் நிதி, அதாவது ஊழியருக்கான ஒரு வகை நிதி என்று பார்த்தால் வேண்டாம். ஆங்கிலம் இரண்டையும் அனுமதிக்கிறது. ஒரு அமைப்பு தன் பெயரை எப்படி எழுதுகிறதோ அப்படியே பார்த்து எழுதிவிடுவதுதான் நல்லது.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் குறி இல்லாததற்குக் காரணம் வேறு. “யூனியன் ஆஃப் பிளான்டேஷன் வொர்க்கர்ஸ்” என்று அதில் “ஆஃப்” வந்துவிட்டது. உடைய என்ற வேலையை ஆஃப் முடித்துவிட்டதால் அங்கே மிஞ்சியிருக்கும் எஸ் வெறும் பன்மை எஸ். உயிரில்லாத பொருள்களுக்கு இந்த ஆஃப்தான் பெரும்பாலும் பொருத்தம். மேசையின் கால் என்பதை “தி லெக் ஆஃப் தி டேபிள்” என்று எழுதுங்கள். ஆனால் ஊர், நாடு, நிறுவனம் எல்லாம் மனிதர் மாதிரிதான்: மலேசியா’ஸ், பேராக்’ஸ். துன் சம்பந்தன் பிறந்த ஊர் எங்களுடையது. அதை “சம்பந்தன்’ஸ் பர்த்பிளேஸ்” என்றும் எழுதலாம், “தி பர்த்பிளேஸ் ஆஃப் சம்பந்தன்” என்றும் எழுதலாம்.

பெயரே எஸ்ஸில் முடிந்தால்? தாஸ், ஜேம்ஸ், தாமஸ் என்று ஆள்கள் நம்மிடையே நிறைய. “ஜேம்ஸ்’ஸ் ஷாப்” என்று எழுதுகிறவர்களும் உண்டு, “ஜேம்ஸ்’ ஷாப்” என்று விடுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரி. நான் இன்னொரு எஸ் சேர்த்தே எழுதச் சொல்வேன், ஏனென்றால் வாயால் சொல்லும்போது “ஜேம்சஸ்” என்றுதானே வருகிறது. ஒன்று மட்டும்: ஒரு கடிதத்துக்குள் ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுச் சொத்து விஷயம் சுருக்கமாக: ரவியும் மாலாவும் சேர்ந்து ஒரே வீட்டில் இருந்தால் “ரவி அண்ட் மாலா’ஸ் ஹவுஸ்”, குறி ஒன்று. ஆளுக்கொரு வீடு என்றால் “ரவி’ஸ் அண்ட் மாலா’ஸ் ஹவுசஸ்”.

இட்ஸ் என்ற கண்ணி

படித்தவர், பட்டம் வாங்கியவர், ஆங்கில வாத்தியார் எல்லோரும் ஒரு நாளாவது விழும் பள்ளம் இது. “இட்ஸ்”, “இட்’ஸ்”. உடைமைக்குக் குறி வேண்டும் என்று இத்தனை நேரம் சொன்னேன். இங்கே தலைகீழ். அதனுடைய என்ற பொருளில் குறி இல்லை. “இட் இஸ்” அல்லது “இட் ஹாஸ்” என்பதன் சுருக்கமாக வந்தால் மட்டுமே குறி.

“தி எஸ்டேட் சேஞ்ச்ட் இட்ஸ் நேம்”: தோட்டம் தன்னுடைய பெயரை மாற்றிக்கொண்டது. இங்கே இட்ஸ் இருக்கும் இடத்தில் “இட் இஸ்” என்று வைத்து வாசித்துப் பாருங்கள். உளறலாக இருக்கும். ஆகவே குறி இல்லை. “இட்’ஸ் ரெய்னிங், நோ டேப்பிங் டுடே”: மழை பெய்கிறது, இன்றைக்குச் சீவல் இல்லை. “இட் இஸ் ரெய்னிங்” என்று விரித்தாலும் சரியாக நிற்கிறது. ஆகவே குறி உண்டு. இந்த ஒரு சோதனை போதும், மனப்பாடம் வேண்டாம். கைப்பேசியை நம்பாதீர்கள். எல்லாச் சமயமும் இல்லையென்றாலும், நீங்கள் சரியாகத் தட்டியதை அது பல தடவை மாற்றிவிடும்.

ஏன் இந்த ஓரவஞ்சனை என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அவனுடைய என்பதற்கு “ஹிஸ்”, அதில் யாரும் குறி போடுவதில்லை. அவளுடையது “ஹர்ஸ்”, நம்முடையது “அவர்ஸ்”, உங்களுடையது “யுவர்ஸ்”, அவர்களுடையது “தெயர்ஸ்”. ஒன்றிலும் குறி இல்லை. இந்த வரிசையில் இட்ஸ்ஸையும் உட்கார வைத்துவிட்டால் மறக்காது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களே அதனுடைய என்பதைக் குறியோடு எழுதியிருக்கிறார்கள். வழக்கம் பிறகுதான் இப்படி உறுதிப்பட்டது. “ஹூ’ஸ்” என்றால் யார் அது, “ஹூஸ்” என்றால் யாருடையது. அங்கேயும் இதே கதை, எழுத்துக்கூட்டலும் மாறும்.

சுருக்கத்தில் மேல் கமா நிற்கும் இடம், எழுத்து விழுந்த இடம். “டூ நாட்” என்பது “டோன்’ட்” ஆகும்போது காணாமல் போனது “நாட்” என்ற சொல்லில் உள்ள ஓ. ஆகவே என்னுக்கும் டீக்கும் நடுவில் குறி. டூவுக்கும் என்னுக்கும் நடுவில் வைப்பது பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது. அங்கே எந்த எழுத்தும் விழவில்லையே. மணி சொல்லும் “ஓ’கிளாக்” கூட “ஆஃப் தி கிளாக்” என்பது தேய்ந்து வந்ததுதான்.

உண்மையில் இந்தக் குறி ஆங்கிலத்துக்கு வந்ததே இதற்காகத்தான். பதினாறாம் நூற்றாண்டில் அச்சில், விழுந்த எழுத்தைக் காட்டுவதற்காக வந்தது. உடைமைக்கு வந்தது அதன் பிறகு. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களுக்கு உடைமை உருபு ஈயும் எஸ்ஸும் சேர்ந்தது. பேச்சில் ஈ தேய்ந்து போய்விட்டது. ஈ இருந்த இடத்தைக் காட்ட வைத்த குறி, நாளடைவில் உடைமைக்கே அடையாளம் ஆகிவிட்டது. எஸ்ஸுக்குப் பின்னால் வைக்கும் பன்மை முறை அதற்கும் பிறகு வந்தது. பன்மைச் சொல்லுக்குக் குறி ஏன் வேண்டாம் என்று யாராவது வாதம் செய்தால், அங்கே உடைமையும் இல்லை, எந்த எழுத்தும் விழவில்லை என்று சொல்லலாம்.

பன்மை

இதில் பெரும்பகுதி எளிது. எஸ் சேர்த்தால் போதும்: டுரியன்ஸ், லோரிக்கு “லாரிஸ்”, பக்கெட்ஸ். சொல் ஏற்கெனவே ஸ், ஷ், ச், எக்ஸ் ஓசையில் முடிந்தால் ஈ, எஸ் சேரும்: பஸஸ், பாக்ஸஸ், சர்ச்சஸ். லாரி, பேபி, லேடி மாதிரி ஒய்யில் முடிந்து அதற்கு முன்னால் மெய்யெழுத்து இருந்தால் ஒய் போய் ஐ, ஈ, எஸ் வரும். முன்னால் உயிரெழுத்து இருந்தால் ஒய் அசையாது: பாய்ஸ், டேஸ், கீஸ். தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் ஓவுக்குப் பிறகு ஈ, எஸ். போட்டோவுக்கும் கிலோவுக்கும் வெறும் எஸ். அது ஏன் என்று கேட்டால் பழகிக்கொள்ளுங்கள் என்பதுதான் பதில். சீவுகத்தி “நைஃப்”, பல கத்திகள் “நைவ்ஸ்”. இலை “லீஃப்”, இலைகள் “லீவ்ஸ்”. கூரை மட்டும் “ரூஃப்ஸ்”.

எண்ண முடியாத சொற்களில்தான் மலேசியர்கள் எல்லோரும், இனப் பாகுபாடு இல்லாமல், ஒற்றுமையாகத் தவறு செய்கிறோம். ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், அட்வைஸ், இன்ஃபர்மேஷன். இவற்றுக்குப் பன்மை எஸ் கிடையாது. பத்து நாற்காலி இருந்தாலும் ஃபர்னிச்சர்தான். தோட்டத்து ஆபீசில் நாலு கிராணிகள் இருந்தால் அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து “ஸ்டாஃப்”. “ஸ்டாஃப்ஸ் ஒன்லி” என்று கதவில் ஒட்டியிருப்பதைக் கிளினிக்கிலும் பார்க்கலாம், வங்கியிலும் பார்க்கலாம். ஒரு ஆளைக் குறிக்க வேண்டுமென்றால் “ஸ்டாஃப் மெம்பர்” என்று எழுதலாம், அதற்குப் பன்மை தாராளமாக வரும்.

வீட்டு வாசலில் மாட்டும் பெயர்ப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஒரு தவறு அடிக்கடி வருகிறது. முனியாண்டி குடும்பத்தார் என்பதை “தி முனியாண்டி’ஸ்” என்று எழுதுகிறார்கள். குடும்பத்தார் என்றால் பன்மை, குறி வேண்டாம்: “தி முனியாண்டிஸ்”. பெயர் ஒய்யில் முடிந்தாலும் அதை ஐ, ஈ, எஸ் ஆக்கக்கூடாது, மனிதர் பெயரின் எழுத்தை மாற்றும் உரிமை இலக்கணத்துக்கு இல்லை. முனியாண்டி குடும்பத்தாரின் வீடு என்று எழுத வேண்டுமானால் “தி முனியாண்டிஸ்’ ஹவுஸ்”. வருடங்களும் இப்படித்தான். எண்பதுகள் என்பதை 1980 எழுதி ஒட்டினாற்போல் எஸ் போட்டால் போதும்.

கொண்டாட்ட நாள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். மே 16 ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அட்டை எழுதினால் “டீச்சர்ஸ்’ டே”. எல்லா ஆசிரியர்களுடைய நாள் அது. அன்னையர் தினமோ “மதர்’ஸ் டே”, ஒருமை. அமெரிக்காவில் அந்த நாளைத் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸ் 1912-இல் பெயரைப் பதிவு செய்தபோதே, ஒவ்வொரு குடும்பமும் தன் தாயை மட்டும் நினைக்கும் நாள் இது என்று சொல்லி, குறியை எஸ்ஸுக்கு முன்னால் வைத்தார். தமிழில் நாம் அன்னையர் என்று பன்மையாக்கிவிட்டோம், அதைப் பார்த்து ஆங்கிலத்திலும் குறியை நகர்த்திவிடாதீர்கள்.

ஊர்ப் பெயர்களில் ஒழுங்கு தேட வேண்டாம். பகாங்கில் “ஃபிரேசர்’ஸ் ஹில்”, ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பெயரால். குறி உண்டு. தைப்பிங்கில் “மேக்ஸ்வெல் ஹில்”, அதுவும் ஒரு வெள்ளைக்காரர் பெயர்தான், குறியும் இல்லை, எஸ்ஸும் இல்லை. பிறகு அது புக்கிட் லாருட் ஆகிவிட்டதால் பிரச்சினையே போய்விட்டது. கேமரன் மலையும் குறியில்லாமல்தான் நிற்கிறது. அமெரிக்காவில் 1890-இலிருந்து அரசாங்கமே ஊர்ப் பெயர்களில் இந்தக் குறியைத் தவிர்த்து வருகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களுக்கு மட்டும் விலக்கு.

பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதென்றால் நான் சமையலறைக்கு அனுப்புவேன். பாபா’ஸ் மசாலைப் பாக்கெட்டை எடுத்துப் பெரிய எழுத்தை உற்றுப் பார்த்தால், இரண்டாவது ஏக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் குறி இருக்கும். பாபாவினுடைய மசாலை. ஜூலி’ஸ் பிஸ்கட்டிலும் ஜேக்கப்’ஸ் பிஸ்கட்டிலும் உண்டு. பட்டணத்துக்குப் போகும்போது மெக்டொனால்ட்’ஸ் பலகையிலும் பார்க்கலாம். ஸ்டார்பக்ஸில் தேடினால் கிடைக்காது.

கடைசியாக ஒரே ஒரு விதிவிலக்கு, அது நம் ஊரில் வருடா வருடம் பெரிய பதாகையில் தொங்குவதால் சொல்லியாக வேண்டும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் முடிவு வந்ததும் “ஸ்டிரெயிட் ஏ’ஸ்” என்று எழுதி, பிள்ளையின் படத்தையும் போட்டுச் சாலையோரத்தில் கட்டுவார்கள். பன்மைக்குக் குறி கூடாது என்றீர்களே என்று என்னைப் பிடிக்க வராதீர்கள். ஏ என்ற எழுத்தோடு எஸ்ஸை ஒட்டினால் “ஆஸ்” என்ற வேறொரு சொல் மாதிரி வாசிக்கத் தோன்றும். அந்தக் குழப்பம் வராமல் இருக்கத் தனி எழுத்துகளின் பன்மைக்கு மட்டும் குறி வைப்பதைப் பல நடைக் கையேடுகள் ஒப்புக்கொள்கின்றன. பாட எண்ணிக்கையை முன்னால் போட்டு “9ஏ” என்று எழுதிவிட்டால் எஸ்ஸும் வேண்டாம், குறியும் வேண்டாம். ஆனால் ஒரே பதாகையில் ஏக்குக் குறி வைத்துவிட்டு, கீழே “கங்கிராஜுலேஷன்’ஸ்” என்றும் எழுதியிருந்தால், அந்த இரண்டாவது குறியை மட்டும் அழித்துவிடச் சொல்லுங்கள்.